லெய்டன் முதல் காட்டூர் வரை

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது பிள்ளைகளுக்கு எந்தக் காலத்திலும் உள்ள கடமை. ஒரு காலத்தில் சென்னைப் பட்டணத்தில் இந்தக் கடமை வெகு சுலபமாக நிறைவேறியது. மிருகக் காட்சி சாலைக்கு ‘உயிர் காலேஜ்’ என்று பெயர். பொருட்காட்சி சாலைக்கு ‘செத்த காலேஜ்’ என்று பெயர். காலையில் ஒரு காலேஜ், மாலையில் ஒரு காலேஜ், நடுவில் ஹோட்டல் சாப்பாடு, கடைசியில் கடற்கரையில் சுண்டல். அத்துடன் பட்டணம் முடிந்தது!

இப்போது காரியம் அவ்வளவு லேசாக இல்லை. உங்கள் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையோ பெண்ணோ மெல்போர்னிலோ டொராண்டோவிலோ படிக்கிற வீடு ஒன்றிரண்டாவது இருக்கும். ஒரு நாள் அங்கிருந்து டிக்கெட் வருகிறது. அறுபது வயதுக்கு மேல் அம்மா முதல் முதலாக ஸ்வெட்டர் வாங்கப் புறப்படுகிறாள். ஊறுகாய் ஜாடியை எந்தப் பெட்டியில் வைப்பது என்று வீட்டில் மகாநாடு நடக்கிறது. விமானம் ஏறிப் போய், பெற்ற பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர் பார்க்கிறார்கள்.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? பிள்ளைகள் காட்டுவது ஒன்று, பெற்றவர்கள் பார்ப்பது வேறொன்று. பிள்ளை கோபுரத்தைக் காட்டுவான். அம்மா அவன் கழுத்து எலும்பைப் பார்ப்பாள். பெண் பாலத்தின் சரித்திரத்தைச் சொல்லுவாள். அப்பா அவள் செருப்பின் தேய்மானத்தைப் பார்ப்பார். சாயங்காலம் அறைக்குத் திரும்பியதும் அம்மா முதலில் திறப்பது ஜன்னலை அல்ல, அரிசி டப்பாவை!

என் தங்கை ஹாலந்து தேசத்தில் லெய்டன் நகரத்தில் படிக்கிறாள். அம்மா அங்கே போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தாள். நான் சொல்ல வந்த பிரயாணம் அதுவல்ல. அதைத் தொடர்ந்து இங்கே சென்னைக்குப் பக்கத்தில் நேர்ந்த ஒரு நாள் பிரயாணத்தைப் பற்றித்தான். இருந்தாலும் லெய்டனை இரண்டு நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தால்தான் மற்றது விளங்கும்.

கால்வாய்க் கரையில்

லெய்டன் சின்ன நகரம். தெருவுக்குத் தெரு கால்வாய், கால்வாய்க்குக் கால்வாய் பாலம், பாலத்தின் மேல் எல்லாம் சைக்கிள். அங்கே பல்கலைக்கழகம் 1575-ல் ஏற்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு ஸ்பெயின் தேசத்துப் படை ஊரை முற்றுகையிட்டு ஜனங்களைப் பட்டினி போட்டது. அந்தச் சோதனையைத் தாங்கி நின்றதற்குப் பரிசாகவே பல்கலைக்கழகம் கிடைத்தது என்று சொல்வார்கள். முற்றுகை நீங்கிய அக்டோபர் 3-ஆம் தேதியை இன்றும் வெள்ளை ரொட்டியும் ஹெரிங் மீனும் சாப்பிட்டுக் கொண்டாடுகிறார்கள்.

தங்கை இவ்வளவையும் மூச்சு விடாமல் சொன்னாளாம். “அந்த மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, அண்ணாந்து அப்படியே வாயில் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு புளியும் கிடையாது, மிளகாயும் கிடையாது!” என்பதுதான் அம்மா எங்களிடம் விவரித்த முதல் செய்தி.

அம்மாவுக்குப் பிறந்த ஊர் நாகப்பட்டினம். ஆகவே தங்கை அவளிடம் இன்னொரு விஷயமும் சொல்லியிருக்கிறாள். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய புத்த விஹாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற கிராமத்தைக் கொடையாகக் கொடுத்தான். அதைச் சொல்லும் 21 செப்பேடுகள் டச்சுக்காரர் வழியாகக் கடல் கடந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் லெய்டன் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பில் அவை இருந்து வந்ததால்தான் சரித்திரப் புத்தகங்களில் ‘லெய்டன் செப்பேடு’ என்ற பெயரே ஏற்பட்டது.

ஊர் திரும்பிய அம்மா என்னிடம் கேட்டாள்: “நம்ம ஊரிலிருந்து அங்கே போனதைப் பார்க்கச் சொன்னாள். சரி. அங்கிருந்து இங்கே வந்தவர்கள் எங்கே இருந்தார்கள்? அதை யாராவது காட்டுங்களேன்!”

காட்டுவதற்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 55 கிலோ மீட்டரில் பழவேற்காடு இருக்கிறது.

உப்புக் காற்றின் வழி

பழவேற்காட்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. பொன்னேரி வரை மின்சார ரயிலில் போய் அங்கே பஸ் ஏறலாம். அல்லது மீஞ்சூரிலிருந்து காட்டூர், திருப்பாலைவனம் வழியாகச் செல்லும் சாலையைப் பிடிக்கலாம். நாங்கள் இரண்டாவது வழியில் போனோம். வயலும் ஏரியும் பனைமரமுமாக வழி நெடுகக் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் அந்தப் பச்சைக்கு அடியில் ஒரு சோகம் உண்டு. சென்னையின் தாகத்துக்காக மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகளில் பல ஆண்டுகள் நீர் இறைத்தார்கள். நல்ல தண்ணீர் கீழே இறங்க இறங்கக் கடல் நீர் நிலத்தடியில் உள்ளே புகுந்துவிட்டது. பட்டணத்துக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது நாம் நினைத்துக்கொள்ள வேண்டிய ஊர்கள் இவை.

திருப்பாலைவனத்தில் பழமையான சிவன் கோயில் இருக்கிறது. கும்பிட்டுவிட்டுப் போகலாம். அதைத் தாண்டினால் காற்றின் மணமே மாறுகிறது. உப்பும் சேறும் மீனும் கலந்த மணம். “வந்துவிட்டது!” என்றாள் அம்மா. நாகப்பட்டினத்துக்காரிக்கு அந்த மணம் போதும், மைல் கல் வேண்டாம்.

தாயார் வராத பிள்ளைகள்

டச்சுக்காரர்கள் 1610-ல் பழவேற்காட்டில் வியாபாரத்துக்கு இடம் பெற்றார்கள். 1613-ல் ‘ஜெல்ட்ரியா’ என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைநகரம் இதுதான். பிறகுதான் தலைமை நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. 1806-ல் ஆங்கிலேயர்கள் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1825-ல் ஊரே அவர்கள் கைக்கு வந்துவிட்டது. கோட்டை இருந்த இடத்தில் இன்று புதரும் மேடும் அகழியின் அடையாளமும்தான். “கோட்டை எங்கே?” என்று அம்மா கேட்டாள். அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தாள்!

இடிபடாமல் நிற்பது டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். மத்திய அரசின் தொல்பொருள் துறை அதைப் பாதுகாத்து வருகிறது. வாசலின் இரண்டு பக்கமும் துவாரபாலகர்களைப் போல இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. உள்ளே பெரிய பெரிய கல் பலகைகள். அவற்றில் குலச் சின்னங்கள், பூவேலைகள், ஆழமாக வெட்டிய டச்சு எழுத்துகள்.

எழுத்துத் தெரியாவிட்டாலும் அம்மா ஒவ்வொரு கல்லாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். லெய்டனில் கோயில் தரையில் பார்த்த கல்லைப் போலவே இருக்கிறது என்றாள். பிறகு, சரித்திர ஆசிரியர் யாரும் எழுப்பாத ஒரு கேள்வியை எழுப்பினாள்.

“இவர்களுடைய அம்மாக்கள் யாராவது இங்கே வந்து பார்த்தார்களா?”

யோசித்துப் பாருங்கள். அந்த நாளில் ஹாலந்திலிருந்து கீழ்த் திசைக்குக் கப்பல் வந்து சேர ஏழெட்டு மாதம் ஆகும். ஒரு கடிதம் போய்ப் பதில் வர ஒன்றரை வருஷத்துக்குக் குறையாது. இருபது வயதில் கப்பல் ஏறிய பிள்ளை பழவேற்காட்டில் காய்ச்சல் கண்டு இறந்தால், அவன் உயிரோடு இருப்பதாகவே எண்ணி அங்கே ஒரு தாய் ஒரு வருஷம் காத்திருப்பாள். அவன் எந்த வீட்டில் இருந்தான், எதைச் சாப்பிட்டான், யார் துணி துவைத்தார்கள் என்று அவளுக்குக் காட்ட ஒருவரும் இல்லை.

அதைவிடக் கொடுமையான கதை ஒன்றும் இதே கரையில் நடந்தது. பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம் டச்சுக் கப்பல்கள் சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான நம் மக்களை அடிமைகளாக ஏற்றிக்கொண்டு போயின. இன்று ஜகார்த்தா என்கிறோமே, அந்தப் பட்டேவியாவுக்கு. பழவேற்காடும் அவர்கள் ஏறிய துறைகளில் ஒன்று. பசி தாங்காமல் பெற்ற பிள்ளையை விற்றவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். டச்சுக்காரப் பிள்ளைக்காவது ஒரு கல் நட்டிருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

கடல் கடந்து போய் நிலைத்து நின்றது ஒன்றே ஒன்று, துணி. இந்தத் துறையிலிருந்து கட்டம் போட்ட பருத்தித் துணிகள் கீழ்த் திசைத் தீவுகளுக்குப் போய், அங்கே வாசனைச் சரக்குகளுக்கு மாற்றாக விலை போயின. மலேசியாவில் இன்றைக்கும் கட்டம் போட்ட கைலிக்குப் ‘பெலிக்காட்’ என்று பெயர். பழவேற்காட்டின் பெயர்தான் அது. ஊரில் நடக்கும்போது வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடைவதைப் பார்க்கலாம். சாயம் ஏற்றிய ஓலையை அவர்கள் விரல் பின்னுகிற வேகத்தைப் பார்க்கக் கண் போதாது. அம்மா ஒரு மூடிபோட்ட பெட்டி வாங்கினாள். லெய்டனுக்கு வற்றல் அனுப்பவாம்!

இறால் குஞ்சுகளின் பள்ளிக்கூடம்

ஊரைத் தாண்டினால் ஏரி. வடக்கு தெற்காக ஏறக்குறைய 60 கிலோ மீட்டர் நீளம். இந்தியாவில் ஒரிஸ்ஸாவின் சில்கா ஏரிக்கு அடுத்த பெரிய உப்பங்கழி இதுதான். பெரும் பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தென் கோடிதான் நம்முடையது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா தீவு. 1980 ஜூலை 18-ஆம் தேதி எஸ்.எல்.வி. 3 ராக்கெட் ரோகிணியைச் சுமந்துகொண்டு அங்கிருந்துதான் கிளம்பிற்று. ராக்கெட் புறப்படும் நாட்களில் இந்தக் கரையில் நின்றாலே வானத்தில் அந்த நெருப்புக் கோடு தெரியும்.

இவ்வளவு பெரிய ஏரியில் ஆழம் என்னவோ சராசரி ஒரு மீட்டர்தான். அதனால்தான் அக்டோபர் முதல் மார்ச் வரை பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. ஒற்றைக் காலில் நின்று, தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்று நீரைச் சல்லடை போட்டுச் சலிக்கின்றன. தூரத்தில் பார்த்தால் யாரோ ரோஜா நிறச் சேலைகளை உலர்த்தியிருப்பது போல இருக்கிறது.

ஏரியின் உயிர் அதன் முகத்துவாரத்தில் இருக்கிறது. இறால் கடலில் முட்டையிடுகிறது. பொடிக் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, அமைதியான நீரில் தின்று வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்புகின்றன. ஐப்பசி கார்த்திகை வெள்ளத்தில் ஆரணியாறு முதலிய ஆறுகளின் நீர் வாசலைத் திறந்து வைக்கிறது. கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து அடைக்கிறது. வாசல் அடைபட்டால் குஞ்சு உள்ளே வராது. வந்தது வெளியே போகாது. ஏரி நீரும் வற்றி உப்புக் கரிக்கும். வலை காலியாக வரும். தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் எழுந்த பிறகு கரையின் போக்கே மாறிவிட்டது என்று குப்பங்களில் குறைப்படுகிறார்கள்.

இதைக் கேட்ட அம்மா சொன்னாள்: “அப்போ இது இறால் குஞ்சுகளுக்குப் பள்ளிக்கூடம் மாதிரி. போன பிள்ளை திரும்ப வர வழி மட்டும் திறந்திருக்க வேண்டும்!”

ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை போட்டுவிட முடியாது. ‘பாடு’ என்று ஒரு முறையை வழிவழியாக வைத்திருக்கிறார்கள். நல்ல மீன் கிடைக்கும் இடங்களை இன்ன நாளில் இன்னார் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்று உனக்கு நல்ல இடம், நாளை எனக்கு. ஒரே குழாயில் இருபது வீட்டார் தண்ணீர் பிடிக்கும் நம் தெருக்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தால் எவ்வளவு சண்டை மிச்சமாகும்!

கரையோரச் சேற்றில் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் உட்கார்ந்தபடியே நகர்கிறார்கள். வலை கிடையாது. இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறாலைப் பிடித்து, பல்லால் கடித்துக்கொண்டிருக்கும் ஓலைப் பறியில் போடுகிறார்கள். வாயைத் திறந்தால் அன்றைய சம்பாத்தியம் தண்ணீரில் போய்விடும். மணிக்கணக்கில் ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்கிறார்கள்.

படகைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று உல்லாசமாகப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. யாராவது வந்து “சும்மா ஒரு சுற்று” என்று கூப்பிட்டால் ஏறாதீர்கள். பாலத்தைக் கடந்து கலங்கரை விளக்கத்துப் பக்கம் போனால் கரையில் நின்றே ஏரியையும் பார்க்கலாம், கடலையும் பார்க்கலாம்.

காட்டூரில் ஒரு கேள்வி

திரும்பும் வழியில் காட்டூரில் சாலையோரம் ஒரு மரத்தடியில் மீன் கூடையுடன் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து காலையில் மீன் எடுத்து வந்து, மடவை, கெளுத்தி, இறால் என்று கூறு கட்டி வைத்திருந்தாள். அம்மா இறாலின் தலையைக் கிள்ளிப் பார்த்தாள். வந்திருப்பது விவரம் தெரிந்த ஆள் என்று அவளுக்கும் புரிந்துவிட்டது. பேரம் முடிந்து பேச்சு ஆரம்பித்தது.

“எந்த ஊரும்மா நீங்க?”

“பிறந்தது நாகப்பட்டினம். சின்னப் பெண் வெளிநாட்டில் படிக்கிறாள். இப்பத்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.”

அவள் கூறு கட்டுவதை நிறுத்தினாள். “சீமைக்குப் போயா பார்த்துட்டு வந்தீங்க?” என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தாள். பிறகு சொன்னாள்: “எம் பொண்ணும் படிக்குதும்மா. கோயமுத்தூர்ல நர்ஸு படிப்பு. ரெண்டு வருசம் ஆச்சு. நான் அந்த ஊரைப் பார்த்ததில்ல. எனக்கு அதான் சீமை.”

“ஏன், போய்ப் பார்ப்பதற்கென்ன?”

“பாடு இருக்கிற நாள்ல மீனை விக்கணும். பாடு இல்லாத நாள்ல அடுத்தவங்க மீனை வாங்கி விக்கணும். பீஸு கட்டணுமே! அதுவும் இல்லாம...” என்று இழுத்தாள். “நான் போயி அங்க நின்னா, அதுக்குக் கூச்சமா இருக்குமோ என்னவோ. மீன் வாசனை.”

அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்களுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தப் பேச்சை அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

“இதோ பாரம்மா. எனக்கும் போகும்போது இந்தப் பயம் இருந்தது. புடவையைக் கட்டிக்கொண்டு, பாஷை தெரியாமல், நான் போய் அங்கே என்ன செய்வேன் என்று. போன மறு நாள் ரோட்டைத் தாண்ட வேண்டும். நாலு பக்கமும் சைக்கிள். என் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் நான் அவள் கையை எப்படிப் பிடித்தேனோ அப்படி. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! நீ ஊர் பார்க்கப் போகவில்லை. அவள் வளர்ந்ததை உனக்குக் காட்ட அவளுக்கு ஒரு நாள் வேண்டும். அதற்குத்தான் போகிறாய்.”

அந்தப் பெண்மணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எப்படிப் போறது?” என்று மெதுவாகக் கேட்டாள்.

சமுத்திரம் தாண்டி வந்த அனுபவசாலி இப்போது ரயில்வே விசாரணை அதிகாரியாகிவிட்டாள்! “மீஞ்சூரில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரலில் கொண்டுபோய் விடும். ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஏறிப் படுத்தால் காலையில் கோயமுத்தூர். உன் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல். இறால் கருவாட்டை நன்றாக வறுத்து எடுத்துக்கொண்டு போ. ஹாஸ்டலில் எல்லாப் பெண்களுக்கும் போதுமாக எடுத்துக்கொண்டு போ. வாசனை என்று ஒருத்தியும் சொல்ல மாட்டாள். இன்னும் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்!”

ரயிலின் பெயரை எழுதித் தரும்படி அவள் கேட்டாள். என் குறிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துச் சுருக்குப் பையில் பணத்துடன் வைத்துக்கொண்டாள். ஒரு கை இறாலை அள்ளி எங்கள் பையில் போட்டாள். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டாள்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

பழவேற்காட்டுக்குப் போவதற்கு ஐப்பசிக்குப் பிறகு மாசி வரை உள்ள மாதங்கள் உத்தமம். விடியற்காலையில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் பறவைகளைப் பார்த்துவிடலாம். குடிதண்ணீரும் சாப்பாடும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் ராமாயணக் காட்சிகளை விரல் அகலத்துக்குச் செதுக்கியிருக்கிறார்கள், கண்ணாடி போட்டவர்கள் மறக்காமல் கண்ணாடியைக் கொண்டுபோங்கள். பள்ளிவாசலில் சூரியக் கடிகாரம் ஒன்று உண்டு. அனுமதி கேட்டுப் பார்க்கலாம். ஓலைப் பெட்டி வாங்கும்போது பேரம் பேசாதீர்கள். அந்த விரல்களுக்குக் கொடுக்கும் கூலி எந்த விதத்திலும் அதிகமாகாது.

இன்னொன்று, படிக்கப் போயிருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போது இந்தப் பக்கத்தைப் புரட்டினால் அவர்களுக்காக. நீங்கள் இருக்கும் ஊர் ஹாலந்தாக இருந்தாலும் கோயமுத்தூராக இருந்தாலும், உங்கள் அப்பா அம்மா அதை இதுவரை பார்க்காமல் இருந்தால், ஒரு டிக்கெட் அனுப்பிவிடுங்கள். காட்டுவதற்கு இங்கே ஒன்றும் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். அறையில் ஓர் அடுப்பும் கொஞ்சம் அரிசியும் இருந்தால் போதும். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.